பேசாதவளின் மொழி: ‘தி பியானோ’ திரைப்படத்தின் இசை – ஒரு திறனாய்வு

முற்காலக் கதை ஒன்றைத் திரையில் வடிக்க முனைவோர் அக்காலத்து ஆடையையும் அணியையும் விளக்கையும் வண்டியையும் தேடித் திரட்டுகின்றனர். பொத்தான் ஒன்று காலம் தவறி அமைந்தாலும் அதைக் கண்டுபிடித்துக் குறை கூறுவார் உளர். ஆயின், காதில் விழும் இசை எக்காலத்ததாக இருத்தல் வேண்டும்? கதை நிகழும் காலத்ததாகவா? படம் பார்ப்போர் வாழும் காலத்ததாகவா? எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் விடை ஒன்று இவ்வினாவுக்கு இல்லை. ஒவ்வொரு நல்ல படமும் தனக்குரிய விடையைத் தானே தேடிக்கொள்கிறது. அவ்விடைகளுள் மிகத் துணிவானது என்று நான் கருதுவது, 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி பியானோ’ என்னும் ஆங்கிலப் படத்தின் இசை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒப்பு நோக்குதற்கு வேறு இரு படங்களை முதலில் குறிப்பிடலாம். 1975-இல் ஸ்டான்லி கூப்ரிக் இயக்கிய ‘பாரி லிண்டன்’ 18-ஆம் நூற்றாண்டுக் கதை. மெழுகுத்திரி வெளிச்சத்திலேயே காட்சிகளைப் படமாக்கும் அளவுக்குக் காலத்துக்கு உண்மையாக இருக்க விழைந்தவர் அவர். அவரே அப்படத்தின் காதற் காட்சிக்கு, ஷூபர்ட் 1827-இல் இயற்றிய பியானோ மூவிசையை எடுத்தாண்டார். அந்நூற்றாண்டின் இசையில் தாம் வேண்டிய துயரம் கிட்டாமையே அதற்குக் காரணம். 2005-இல் வெளிவந்த ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ படத்துக்கு இசையமைத்த டாரியோ மரியனெல்லியோ, பெத்தோவனின் இளமைக்காலப் பியானோ இசையைத் தொடக்கமாகக் கொண்டு, கதையின் காலத்தை ஒட்டிய புதிய இசையை உருவாக்கினார். முன்னவர் காலத்தைச் சற்றே மீறினார். பின்னவர் காலத்தைத் தழுவினார். ‘தி பியானோ’வின் இசையமைப்பாளர் மைக்கேல் நைமன் இவ்விரு வழியிலும் செல்லவில்லை.

படமும் கதையும்

நியூசிலாந்தில் பிறந்த ஜேன் கேம்பியன் எழுதி இயக்கிய படம் இது. 1993-இல் கான் திரைப்பட விழாவின் தலைமைப் பரிசான தங்கப் பனை விருதைச் சீன இயக்குநர் சென் கைகேயின் படத்தோடு பகிர்ந்துகொண்டது. அவ்விருதை வென்ற முதற் பெண் இயக்குநர் கேம்பியனே. மறு ஆண்டு ஆஸ்கார் விழாவில் சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகை, சிறந்த மூலத் திரைக்கதை என 3 விருதுகள் கிடைத்தன. துணை நடிகைக்கான விருதைப் பெற்ற ஆன்னா பாக்வினுக்கு அப்போது வயது 11. 8 பிரிவுகளில் அப்படம் பரிந்துரைக்கப்பட்டது. அவற்றுள் இசை இல்லை. இசைக்கருவியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட படத்தில், தேர்வாளர்கள் அனைத்தையும் கண்டனர். இசையை மட்டும் கேளாது விட்டனர்.

கதை நிகழ்வது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எய்டா என்பவள் ஆறு வயதில் பேச்சை நிறுத்தியவள். ஏன் நிறுத்தினாள் என்பதை அவளும் அறியாள். முன்பின் கண்டிராத ஸ்டூவர்ட் என்பவனுக்கு அவளை மணம் முடித்து, மகள் ஃபுளோராவுடன் நியூசிலாந்துக்குக் கப்பலேற்றுகிறார் தந்தை. அவள் கொண்டுவந்த பொருள்களுள் பெரியதும் அரியதும் ஒரு பியானோ. கணவனோ, சுமக்க ஆளில்லை என்று அதனைக் கடற்கரையிலேயே விட்டுச் செல்கிறான். பின்னர், அவளைக் கேளாமலே, அண்டை அயலில் வாழும் பெயின்ஸ் என்பவனுக்கு 80 ஏக்கர் நிலத்துக்கு ஈடாக அதைக் கொடுத்துவிடுகிறான். பெயின்ஸ் மாவோரி மக்களோடு பழகி அவர்தம் மொழி பேசுபவன், எழுத்தறியாதவன். தன் குடிலுக்கு ஒருமுறை வந்து வாசித்தால் பியானோவின் ஒரு கட்டை அவளுக்குத் திரும்பும் என்கிறான். கறுப்புக் கட்டைகளை மட்டுமே கணக்கிட வேண்டும் என்று அவள் பேரம் பேசுகிறாள். அப்பேரத்தில் தொடங்கிய உறவு காதலாகவும் கொடுமையாகவும் விரிகிறது. ஒரு கட்டத்தில் கணவன் கோடரியால் அவள் விரலைத் துண்டித்துவிடுகிறான்.

எய்டா திரையில் வாய் திறந்து பேசுவதில்லை. படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அவளது மனக்குரல் மட்டும் ஒலிக்கின்றது. கைச்சைகையை மகள் மொழிபெயர்க்கிறாள். எஞ்சியவற்றை எல்லாம் பியானோவே சொல்ல வேண்டும். ஆகவே இப்படத்தில் இசை உரையாடலின் இடத்தில் நிற்கின்றது. பின்னணி இசை என்று அதனை அழைப்பதே பொருந்தாது.

காலத்தோடு ஒட்டாத இசையா?

1944-இல் பிறந்த நைமன் ஆங்கிலேயர். இசையமைப்பாளராகப் பெயர் பெறும் முன்பே இசைத் திறனாய்வாளராக விளங்கியவர். சிறு இசைத்துணுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்ப இசைத்து, மிகச் சிறிய மாறுதல்களால் வளர்த்துச் செல்லும் இக்கால முறையை ‘மினிமலிசம்’ என்பர். ‘மினிமல்’ என்னும் அச்சொல்லை 1968-இலேயே இசைத் திறனாய்வில் ஆண்டவர் இவர். 1694-இல் நிகழும் ‘தி டிராஃப்ட்ஸ்மன்ஸ் கான்ட்ராக்ட்’ (1982) என்ற படத்துக்கு, அக்காலத்தவரான ஹென்றி பர்செலின் இசையை அடியாக வைத்துக்கொண்டு தம் முறையில் கட்டடம் எழுப்பியவரும் இவரே.

‘தி பியானோ’வில் ஓயாது சுழன்று வரும் இசையை 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எந்த வீட்டுக் கூடத்திலும் கேட்டிருக்க இயலாது. அக்காலத்து இல்லங்களில் ஒலித்தவை ஷோப்பனும் மெண்டல்சனும் இயற்றிய சிறு பியானோப் படைப்புகள். மெண்டல்சன் இயற்றிய தொகுதி ஒன்றின் பெயரே ‘சொல்லில்லாப் பாடல்கள்’ என்பதாகும். பேசாத பெண்ணின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான இசை வேறு உண்டா என்று எவருக்கும் தோன்றும். காலத்துக்கும் பொருந்தும், பெயரும் பொருந்தும். கைக்கு எட்டிய அக்கனியை கேம்பியனும் நைமனும் பறிக்கவில்லை.

ஏன் பறிக்கவில்லை? மெண்டல்சனை வாசித்திருந்தால் எய்டா பிறர் சொற்களை ஒப்பிப்பவளாகிவிடுவாள், நன்கு பயிற்சி பெற்ற பெண் என்று பாராட்டப்படுவாள், அவ்வளவே. தன் இசையைத் தானே இயற்றிக்கொள்பவளாக அவளை நைமன் கண்டார். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, தொழில்முறைக் கலைஞர் அல்லாத ஒரு ஸ்காட்லாந்துப் பெண் தனக்கெனப் படைத்துக்கொண்ட இசை எவ்வாறு இருக்கும் என்று எண்ணி அமைத்ததாக அவரே கூறியுள்ளார்.

இதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு சான்று உண்டு. அவ்வூரில் குடியேறிய ஆங்கிலப் பெண்களுள் மூத்தவளான மோராக், எய்டாவின் வாசிப்பைக் கேட்டு முகம் சுளிக்கிறாள். இவள் நம்மைப் போல் வாசிப்பவள் அல்லள். இவ்வொலி கேட்பவர் உள்ளே புகுந்துவிடுகிறது. அது நன்றன்று என்னும் கருத்துப்படப் பேசுகிறாள். இன்றைய திறனாய்வாளர் சொல்லக்கூடிய குறையைக் கதைமாந்தர் ஒருவரே சொல்லிவிடுகிறார். இவ்விசை அக்காலத்துக்கு ஒட்டாதது என்பது உண்மை. எய்டாவும் அக்காலத்துக்கு ஒட்டாதவளே. ஆகவே காலத்தை விட்ட இசை கதைமாந்தரைப் பற்றிக்கொண்டது. ஆடைக்கும் வண்டிக்கும் வேண்டப்படும் உண்மை ஒரு வகை. ஓர் உயிரின் குரலுக்கு வேண்டப்படும் உண்மை வேறொரு வகை. இரண்டையும் ஒரே கோலால் அளத்தல் தகாது.

கருவியின் இயல்பும் இசையின் வடிவும்

நைமனின் இசை ஏன் ஓயாது ஓடுகிறது என்பதற்குக் கருவியின் இயல்பிலும் விடை உண்டு. 1700-ஐ ஒட்டி இத்தாலியரான பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய இக்கருவியில், கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று தந்தியைத் தட்டிவிட்டு உடனே விலகுகிறது. தட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கும். வயலினைப் போல் வில்லால் ஒலியை நீட்ட முடியாது. வீணையைப் போல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கவும் முடியாது. பிறந்த ஒலி சாகுமுன் அடுத்த ஒலியைப் பிறப்பிப்பதே வழி.

படத்தின் தலைமைப் பகுதியைக் கேட்போர் இதனை உணர்வர். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதை ஒன்றின் முதலடியையே தலைப்பாகக் கொண்ட பகுதி அது. சுரக்கூட்டுகளை உடைத்து உதிரி உதிரியாகக் கைகள் இடையறாது ஓட்டிக்கொண்டிருக்க, அவ்வோட்டத்தின் மேலே ஒரு எளிய மெட்டு மிதந்து செல்கிறது. ஓட்டம் நின்றால் மெட்டும் மூழ்கும். பேச்சற்ற ஒருத்தி வாழும் வாழ்வும் இதுவே. கை ஓய்ந்தால் அவள் குரல் ஓய்ந்துவிடும்.

நம் இசையில் நிரவல் என்பது பாடலின் ஓரடியை எடுத்துக்கொண்டு அதனைப் பலவாறு விரித்துக் காட்டுவது. அங்கே திரும்பி வருதல் செல்வச் செழிப்பைக் காட்டும். இங்கோ திரும்பி வருதல் தவிப்பைக் காட்டுகிறது. சைகை புரியாதவனிடம் அதே சைகையை மேலும் ஒருமுறை, இன்னும் அழுத்தமாகச் செய்து காட்டுகிறோம் அன்றோ? அவ்வகைத் திரும்பல் இது. மினிமலிச இசை உயிரற்ற எந்திர ஓசை என்று பழிப்போருக்கு இப்படத்தைக் காட்டலாம். ஒருவர் வாழ்வோடு இயைந்த இடத்தில் அம்முறைக்கும் உயிர் வந்துவிடுகிறது.

மற்றொரு செய்தியும் நினைக்கத்தக்கது. திரைப்படங்களில் பெரும்பாலும் படத்தொகுப்பு முடிந்த பின்னரே இசை சேர்க்கப்படும். இப்படத்திலோ பியானோப் பகுதிகள் படப்பிடிப்புக்கு முன்பே இயற்றப்பட்டன. எய்டாவாக நடித்த ஹாலி ஹண்டர் பியானோ பயின்றவர். திரையில் அவர் விரல்களே வாசிக்கின்றன. எனவே அந்நடிகையின் கைகளுக்கு இயல்வதையும் அவர் வாசிக்கும் பாங்கையும் கருதியே நைமன் எழுத வேண்டியிருந்தது. சில இடங்களில் தாளம் சற்றே தளர்வதும் விரைவதும் நடிப்பின் கூறுகளாகவே அமைந்துவிடுகின்றன. இசைத்தட்டில் நைமனே வாசித்த செம்மையான வாசிப்பைவிட, படத்தில் ஹண்டர் வாசிக்கும் வாசிப்பே என் நெஞ்சைத் தொடுகிறது.

கடல் கடந்த மெட்டுகள்

எய்டாவின் இசைக்கு ஊற்று எது? ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற மெட்டுகளும் மக்கள் வழங்கிய பாடல்களுமே. தலைமைப் பகுதியின் அடியில் இருப்பது, ராபர்ட் டானஹில் (1774–1810) என்னும் ஸ்காட்லாந்துக் கவிஞர் சொல்லமைத்த குளிர்காலப் பாடல் ஒன்றின் மெட்டு. எய்டா பிறந்த மண்ணில் எவரும் முணுமுணுத்திருக்கக் கூடியது அது.

ஸ்காட்லாந்து மெட்டுகள் அந்நாட்டு மக்களோடு உலகெங்கும் கப்பலேறியவை. நம் நாட்டுக்கும் அவை வந்தன. தாகூர் தம் இளமையில் ‘பூலே பூலே’ என்று தொடங்கும் பாடலை ராபர்ட் பர்ன்சின் புகழ்பெற்ற பாடல் ஒன்றின் மெட்டில் அமைத்தார். 1879-ஐ ஒட்டிய கல்கத்தாவைக் காட்டும் சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) படத்தில், ஊஞ்சலில் ஆடியபடி சாரு அப்பாடலைப் பாடுகிறாள். வங்கப் பெண்ணின் வாயில் அம்மெட்டு வங்க மெட்டாகவே ஆகிவிட்டது. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்து இயற்றிய நோட்டுஸ்வர சாகித்தியங்களையும் இங்கே நினைவு கூரலாம். மெட்டு எந்தக் கரையை அடைகிறதோ அந்தக் கரையின் மொழியைப் பேசக் கற்றுக்கொள்ளும்.

எய்டாவின் மெட்டுகள் அடைந்த மாற்றம் வேறு வகையானது. அவை புதிய நாட்டின் மொழியைக் கற்கவில்லை, ஊர்ப்பாடலாகவும் நிலைக்கவில்லை. தனிமையில் எண்ணி எண்ணித் தேய்த்ததால் உருமாறிவிட்டன. பாடலின் வடிவம் கரைந்து ஏக்கத்தின் வடிவம் மட்டும் எஞ்சியது. அதனாலேயே உடன் குடியேறியவர்களின் காதுக்குக்கூட அவை அயலாகப் படுகின்றன. ஊரை விட்டு வந்தவர் நெஞ்சில் ஊர் எவ்வாறு மாறுகிறது என்பதற்கு இதைவிட நுட்பமான இசைச்சான்றை நான் கேட்டதில்லை.

இரு கடற்கரைகள்

பியானோ கடற்கரையில் தனித்து நிற்கும் காட்சி படத்தின் உயிர்நாடி. பெயின்சை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு எய்டா மீண்டும் அங்கே வருகிறாள், மாலைவரை வாசிக்கிறாள், மகள் மணலில் ஆடுகிறாள். பெயின்ஸ் சுற்றிச் சுற்றி நடந்து கேட்கிறான். அவனுக்கு இசை தெரியாது. எனினும், அது ஒருத்தியின் பேச்சு என்பதை அவன் செவி அறிந்துகொள்கிறது.

தமிழ் படித்தோர்க்கு இங்கே சிலப்பதிகாரத்தின் கானல்வரி நினைவுக்கு வராமற் போகாது. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழெடுத்துப் பாடுகிறான். அவன் மனம் வேறொருத்திபால் சென்றதோ என்று ஐயுறும் மாதவி தானும் யாழ் வாங்கிப் பாடுகிறாள். அப்பாட்டைக் கேட்டு அவன் பிரிந்துவிடுகிறான். இசை பேச்சாகிறது; கேட்டவர் அதனைப் பிழைபட உணர்ந்ததால் வாழ்வு சிதைகிறது. நைமனின் இசையும் இருவர் செவியில் விழுகிறது. ஸ்டூவர்ட் அதனைக் கேட்டும் கேளாதவன். பெயின்ஸ் கேட்டு ஊர் வழக்கத்தைத் துறந்தவன். கானல்வரியில் பாடலுக்குச் சொல் இருந்தது. சொல்லே ஐயத்துக்கு இடம் தந்தது. இங்கே சொல்லே இல்லை. ஆதலால் கேட்பவனின் உள்ளம் எத்தகையதோ அத்தகையதாகவே இசையும் அவனுக்கு விளங்குகிறது.

குறைகள்

இவ்விசையில் குறையே இல்லை என்று கூறுதல் திறனாய்வு ஆகாது. முதற் குறை, நைமன் தாமே வகுத்த நெறியை முழுதும் காவாமை. பியானோ எய்டாவின் குரல் என்றால், அவள் கை தொடாத இடங்களில் அவளுடைய மெட்டுகளை வயலின் கூட்டமும் சாக்ஸபோன்களும் எடுத்து முழக்குவது யார் குரல்? அவள் பேச்சை இடையில் நின்று எவரோ உரக்கப் பெயர்த்துச் சொல்வது போன்று இருக்கிறது. படத்தில் மகள் செய்யும் பணியை இசையில் வாத்தியக் குழு செய்கிறது என்று அமைதி கூறலாம். எனினும், குழுவின் முழக்கம் எழும் இடங்களில் உணர்ச்சி பெருகுவதற்கு மாறாக அறிவிக்கப்படுகிறது. தனிப் பியானோ ஒலிக்கும் இடங்களே படத்தின் உச்சங்கள்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அம்மண்ணின் மக்களான மாவோரியர் பேச்சிலும் பாட்டிலும் படத்தில் இடம் பெறுகின்றனர். நைமனின் இசையோ ஸ்காட்லாந்து மெட்டுகளையே சுற்றுகிறது. அவர்தம் இசை அதனுள் நுழையவில்லை. பியானோவுக்கு விலையாகக் கைமாறிய 80 ஏக்கர் நிலம் ஒரு காலத்தில் யாருடையது என்ற வினா இசையில் எழவே இல்லை. எய்டாவின் உள்ளத்துக்குள் அடைபட்ட இசை என்று இதற்கு அமைதி கூறலாம். ஆயினும், ஊமையின் குரலுக்காக இத்துணைப் பாடுபட்ட படத்தின் இசை, தன்னைச் சுற்றியுள்ள மற்றொரு குரலுக்குச் செவி தரவில்லை என்பதை மறைக்க இயலாது.

மூன்றாவதாக ஒன்று, இது நைமனின் குறையன்று. படத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுத் தனியே பரவிய இப்பகுதிகள், பியானோ பயிலும் மாணவர் பலரின் விருப்பப் பாடமாகிவிட்டன. தனியே கேட்கும்போது இனிமை மிகுதி, தவிப்பு குறைவு. விரல் வெட்டுண்ட ஒருத்தியின் பேச்சு என்பதை மறந்து கேட்டால், இது மாலைப்பொழுதுக்கு உகந்த மெல்லிசையாக இறங்கிவிடும். படத்தோடு சேர்த்துக் கேட்டாலன்றி இவ்விசையை மதிப்பிடுதல் முறையாகாது.

முடிவுரை

படத்தின் இறுதியில் எய்டா பெயின்சோடு படகில் புறப்படுகிறாள். பியானோவும் உடன் வருகிறது. நடுக்கடலில் அதனைத் தள்ளிவிடச் சொல்கிறாள். சரியும் கயிற்றில் காலை வைத்துத் தானும் மூழ்குகிறாள். ஆழத்தில் காலணியை உதறிக் கயிற்றிலிருந்து விடுபட்டு மேலே வருகிறாள். பின்னர் நெல்சன் நகரில் உலோக விரல் பொருத்திக்கொண்டு பிள்ளைகளுக்குப் பியானோ கற்பிக்கிறாள், பேசவும் பழகுகிறாள். அவ்வுலோக விரல் கட்டையில் படும்போது எழும் சிறு தட்டொலி, முன்னைய இசை முழுவதற்கும் கூறும் விடை போல் எனக்குப் படுகிறது. குற்றமற்ற வாசிப்பு இனி அவளுக்கு இல்லை. ஆயினும் வாசிப்பு உண்டு, கேட்க ஆள் உண்டு, வாய்ச்சொல்லும் வந்துகொண்டிருக்கிறது.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர்க்கு இப்படத்தின் இசை ஒன்றை உணர்த்துகிறது. கொண்டுவந்த செல்வத்தைக் கொண்டுவந்தபடியே காப்பது எய்டாவால் இயலவில்லை. அவள் மெட்டுகள் மாறின, விரல் மாறியது, கருவியும் மாறியது. மாறியும் அவை அவளுடையனவாகவே இருந்தன. நம் இல்லங்களில் பிள்ளைகள் பேசும் தமிழும் பாடும் பாட்டும் நாம் அறிந்த ஓசையினின்று சிறிது விலகி ஒலிக்கும்போது, மோராக்கைப் போல் முகம் சுளிப்பது எளிது. பெயின்சைப் போல் சுற்றி நடந்து பொறுமையோடு கேட்பதே அரிது. அங்ஙனம் கேட்டால் தட்டொலிக்கு உள்ளேயும் நம் மெட்டு இருப்பது புலப்படும்.